இருபது புழுவும் ஒரு பல்லும்

ஞாயிற்றுக்கிழமைகளில் முதல் பஸ்ஸில் தூண்டிலோடு ஏறுகிற ஆளைக் கண்டால் கண்டக்டருக்கு வாய் சும்மா இருக்காது. போகும்போது "பெரிய மீனா பிடிங்க சார்" என்பார். திரும்பும்போது "மாட்டுச்சா சார்?" என்பார். பல்செட்காரர் மூன்று வருடமாக இந்த இரண்டையும் கேட்டு வந்தார். முதலாவதற்கு ஒரு தலையாட்டல். இரண்டாவதற்கு "இன்னிக்கு இல்லீங்க." அதற்கு மேல் பேசிப் பழக்கமில்லாத மனிதர்.

பல்செட்காரர் என்றால் பல் டாக்டர் இல்லை, அந்தக் குழப்பம் நமக்கு வேண்டாம். டாக்டர் நோயாளியின் வாயில் அளவு எடுத்து அச்சை அனுப்புவார். ஒரு கட்டிடத்தின் பின்பக்கத்து அறையில் உட்கார்ந்து, அந்த அச்சில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் பல்லை வரிசையாக நட்டு, ஈறு நிறத்தில் தகடு செய்து, தேய்த்து மெருகு போட்டுத் திருப்பி அனுப்புகிறவர் இவர். பல்லுக்குச் சொந்தக்காரர் யார், நல்லவரா பொல்லாதவரா, ஒன்றும் தெரியாது. டப்பாவின் மேல் ஒரு நம்பர் ஒட்டியிருக்கும், அவ்வளவுதான். முப்பது வருடத்தில் இவர் செய்த பல்லை வைத்துக்கொண்டு எத்தனையோ பேர் கடித்தார்கள், சிரித்தார்கள், சண்டையும் போட்டிருப்பார்கள். ஒருவராவது இவரைப் பார்த்துச் சிரித்ததில்லை. வயது ஐம்பத்து நான்கு. கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று கேட்டால் சொல்ல ஒரு கதையாவது இருக்க வேண்டாமா? அதுவும் இல்லை.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஓயாத இருமல் வந்தது. "வாரத்துக்கு ஒரு நாளாவது அந்த பிளாஸ்டர் தூசியை விட்டு வெளிய போய் மூச்சு விடுய்யா" என்று டாக்டர் திட்டினார். எங்கே போவது என்று தெரியாமல் ஒரு தூண்டில் வாங்கினார். பஸ் போய் நிற்கிற கடைசி இடத்தில் ஒரு ஏரி இருந்தது. மேட்டிலிருந்து இறங்கி வரும் ஓடை ஒன்று அதில் கலந்தது. ஓடை கலக்கும் இடத்தில் தகரக் கூரை போட்ட ஒரு புழுக்கடை. ஷட்டருக்குப் பின்னால் தூண்டில் முள், நைலான் நரம்பு, தக்கை, ஈயக் குண்டு எல்லாம் தொங்கும். வாசலில், ஈரச் சாக்கு போட்டு மூடிய தொட்டியில் மண்புழு. அந்தத் தொட்டிக்குப் பின்னால் அவள்.

அவளுக்கு ஐம்பதுக்கு மேல் ஒன்றோ இரண்டோ. கணவர் போய் எட்டு வருடம். கடையைத் தனியாகவே நடத்தினாள். முதல் நாள் இவர் ஒரு டப்பா புழு வாங்கி, அங்கேயே நின்று, ஒன்றை எடுத்து முள்ளில் குத்தப் பார்த்தார். புழு நெளிந்தது. இவரும் நெளிந்தார். அவள் சிரித்துவிட்டாள். சிரித்த வேகத்தில் கை மேலே போய் வாயை மூடிக்கொண்டது. மேல்வரிசையில், முன்பல்லுக்கு அடுத்த பல் இல்லை. எவனோ ஒரு கத்துக்குட்டி தூண்டிலை வாங்கிச் சுழற்றிப் பார்த்தபோது ஈயக் குண்டு பறந்து வந்து அடித்ததாம். அவன் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போய்விட்டான். பல் திரும்பி வரவில்லை.

அன்றோடு பல்செட்காரர் தொலைந்தார். திங்கள் முதல் சனி வரை பின்பக்கத்து அறையில் மற்றவர்கள் சிரிப்பைச் செய்துகொண்டு, ஞாயிற்றுக்கிழமைக்காக ஏங்கினார். இரவு மாடியில் தன் இரண்டு அறை வீட்டில் படுத்தால் பக்கத்து வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் எதற்கோ சிரிப்பது சுவர் வழியாகக் கேட்கும். அந்தச் சிரிப்பின் மேல் அவருக்குப் பொறாமை. வெட்கத்தை விட்டுச் சொன்னால், பொறாமையேதான்.

ஏரிக்கரையில் அவள் எல்லோருக்கும் அக்கா. படகுக்காரன் அக்கா என்பான். எழுபதைத் தாண்டிய பெரிய மீசைக்காரர், எல்லோருக்கும் வெறும் மீசை, ஆம்புலன்ஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், அவரும் வெட்கமில்லாமல் "அக்கா, ஒரு டப்பா" என்பார். பல்செட்காரர் மட்டும் சொல்லவில்லை. அக்கா என்று ஒரு தடவை வாயில் வந்துவிட்டால் பிறகு அக்காதான், அதற்கு அப்பீல் கிடையாது என்று அவருக்குத் தெரியும். பெயர் சொல்லிக் கூப்பிடத் தைரியமில்லை. அதனால் மூன்று வருடமாக "ஏங்க", "இந்தாங்க", "வரேங்க" என்று மூன்றே சொல்லில் காலத்தை ஓட்டினார். பல் போனால் சொல் போச்சு என்பார்கள். இவருக்கு முப்பத்திரண்டும் திடமாக இருந்தும் சொல் வரவில்லை.

இரண்டு வாரத்துக்கு முன்னால் அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். "பொண்ணுக்கு ரெட்டைக் குழந்தை பிறந்திருக்கு. ஆஸ்பத்திரில நர்ஸு அவ, சீக்கிரமே நைட் டூட்டிக்குப் போகணுமாம். வந்துடும்மாங்கறா. கடையை எடுத்துட்டுப் போறேன். இன்னும் ரெண்டு ஞாயிறுதான்."

அந்த இரண்டில் ஒன்று போய்விட்டது. இன்றுதான் கடைசி. நாலு மணிக்கு மருமகன் வேன் கொண்டுவருவான். அதற்குள் "போகாதீங்க" என்று சொல்லிவிட வேண்டும். ஒரே ஒரு வார்த்தை. பஸ்ஸில் நாற்பது தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆள் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டான்.

சட்டைப்பையில் ஒரு சின்ன டப்பா இருந்தது. அதை அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

கடை பாதி காலியாக இருந்தது. முள்ளும் நரம்பும் தொங்கிய கம்பியில் வெறும் கொக்கிகள். அட்டைப்பெட்டிகள் கயிறு கட்டி நின்றன. அவள் குனிந்து சாக்கை விலக்கி, புழுவை எண்ணி டப்பாவில் போட்டாள்.

"இந்தாங்க டாக்டர், கடைசி டப்பா. இருபது."

"நான் டாக்டர் இல்லீங்க."

"அதான் தெரியுமே," என்று சிரித்தாள். கை மேலே போயிற்று.

இப்போது சொல்லிவிடலாம் என்று நினைத்தார். நினைத்து முடிப்பதற்குள் மீசை வந்து ஈயக் குண்டு கேட்டார். பல்செட்காரர் டப்பாவை வாங்கிக்கொண்டு ஓடைப் பக்கம் நடந்தார்.

வெயில் ஏறும்வரை மீன் ஓடையில் இருக்கும், ஏறியபின் ஏரியின் ஆழத்துக்குப் போய்விடும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. இவரும் காலையில் ஓடை, மதியம் ஏரி என்று ஒழுங்காகத்தான் இடம் மாறுவார். ஆனால் மீனுக்காக அல்ல. ஓடைக்கரையில் வளைந்த மரத்தடியில் உட்கார்ந்தால் கடையின் வாசல் தெரியும். ஏரிக்கரையில் மூன்றாவது படியில் உட்கார்ந்தால் கடையின் பக்கவாட்டு ஜன்னல் தெரியும். தண்ணீர் கூழாங்கல்லின் மேல் சளசளவென்று ஓடியது. நரம்பை அவிழ்த்து, வெறும் முள்ளைத் தண்ணீரில் போட்டார். எப்போதும் வெறும் முள்தான். புழுவைக் குத்த அவருக்கு இன்றுவரை மனசு வரவில்லை. மாலையில் "மிச்சம் இருக்குங்க" என்று டப்பாவைக் கொடுப்பார், அவள் ஒன்றும் சொல்லாமல் தொட்டியில் கொட்டிக்கொள்வாள். தூண்டில்காரர்கள் எல்லோரும் பொய்யர்கள்தான், கையை அகல விரித்து மீன் அளவு காட்டுவார்கள். மீனே வேண்டாம் என்று மூன்று வருடம் தூண்டில் போட்ட பொய்யர் இவர் ஒருவராகத்தான் இருப்பார்.

வெயில் ஏறியது. படிக்கு மாறினார். மீசை இரண்டு கெண்டையும் ஒரு கெளுத்தியும் வலையில் போட்டுக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அக்காவுக்கு நான் ஒரு குடை வாங்கிக் குடுத்தேன். படகுக்காரன் போர்வை குடுத்தான். நீ என்ன கொண்டாந்தே?"

பல்செட்காரர் சட்டைப்பையைத் தொட்டார்.

"உள்ள வெச்சுகிட்டே இருந்தா அது பரிசா? எந்திரிய்யா. நாலு மணிக்கு மேல குடுக்கணும்னா வேனுக்குப் பின்னால ஓடணும்."

அப்படியே எழுந்து போனார். ஜன்னல் ஓரமாக அவள் கணக்கு நோட்டுகளைக் கிழித்துக்கொண்டிருந்தாள். "போகாதீங்க" என்பதற்குப் பதிலாகக் கை சட்டைப்பையிலிருந்த சின்ன டப்பாவை நீட்டியது.

அவள் முகம் மலர்ந்தது. கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, ஆற அமர, மூடியைத் திறந்தாள்.

உள்ளே பஞ்சின் மேல் ஒரு பல் இருந்தது. ஈறு நிறத்துச் சின்னத் தகட்டில் பதித்த ஒற்றைப் பல்.

அதைச் செய்ய அவருக்குப் பதின்மூன்று ராத்திரி ஆயிற்று. போன ஞாயிறு, பல் நிறங்கள் வரிசையாகக் கோத்த அட்டையைப் பையில் மறைத்து எடுத்துவந்து, அவள் சிரிக்கும்போதெல்லாம் ஒளித்து ஒளித்து ஒப்பிட்டுப் பார்த்திருந்தார். நிறம் கொஞ்சம் மஞ்சள் கலந்தது, நாளுக்கு ஐந்து டீ குடிக்கிறவர்களின் நிறம். பக்கத்துப் பல் லேசாகச் சாய்ந்திருந்ததால் இதையும் லேசாகச் சாய்த்திருந்தார். அளவு எடுக்காமல் பல் செய்யக்கூடாது என்பது அவர் தொழிலில் முதல் பாடம். நேற்று வேலைக்குச் சேர்ந்தவன்கூட அந்தத் தப்பைச் செய்ய மாட்டான். முப்பது வருட அனுபவஸ்தர் செய்தார்.

அவள் பல்லையே பார்த்துக்கொண்டு நின்றாள். முகத்தில் இருந்த மலர்ச்சி கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது.

"மூணு வருஷமா இதைத்தான் பாத்துட்டு இருந்தீங்களா?"

"இல்லீங்க, நான்..."

"வாரா வாரம் எதிர்ல வந்து உக்காந்து, இந்த ஓட்டையைத்தான் அளந்துட்டு இருந்தீங்களா? நான் என்னென்னமோ நினைச்சேன் பாருங்க. எனக்குப் புத்தி வேணும்."

டப்பாவை மூடி ஜன்னல் கட்டையில் வைத்தாள். உள்ளே போனாள். ஷட்டர் பாதி இறங்கியது.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. பல்செட்காரர் திரும்பப் படியில் வந்து உட்கார்ந்தார். மீசை வீட்டுக்குக் கிளம்பிப் போயிருந்தார். ஏரி பாட்டுக்கு மினுங்கிக்கொண்டிருந்தது. அவருக்கு அழுகை வந்தது. வந்தால் வரட்டும் என்று விட்டுவிட்டார். ஒரு பெண்ணுக்கு என்ன கொடுப்பது என்று உலகத்தில் எல்லோருக்கும் தெரிகிறது. பூ கொடுக்கிறார்கள், குடை கொடுக்கிறார்கள். போர்வையாவது கொடுக்கிறார்கள். எவனாவது பல் கொடுப்பானா? இப்படியே நடந்து போய் பஸ் ஏறிவிடலாம் என்று தோன்றியது. அடுத்த ஞாயிறு இந்த இடத்தில் வெறும் தகரக் கூரை இருக்கும். அதற்கடுத்த ஞாயிறும் அதுவேதான் இருக்கும்.

ஆனால் மடியில் இருபது புழு இருந்தது. அவளுடைய புழு. மூன்று வருடத்தில் ஒரு நாள்கூடத் திருப்பிக் கொடுக்காமல் போனதில்லை. மூன்றரை மணிக்கு எழுந்து, கடை வாசலில் போய் நின்றார்.

"மிச்சம் இருக்குங்க."

ஷட்டருக்குக் கீழே குனிந்து அவள் வெளியே வந்தாள். கண் சிவந்திருந்தது. டப்பாவை வாங்கினாள். எப்போதும் போலக் கொட்டாமல், தொட்டியின் ஓரத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்து மண்ணில் விட்டாள்.

"இருபது," என்றாள்.

"ஆமாங்க."

"போன வாரமும் இருபது. மழையில தொப்பலா நனைஞ்சுட்டு வந்தீங்களே, அன்னிக்கும் இருபது. ஒரு தடவை இருபத்தொண்ணு."

"அது வழியில கிடந்துச்சுங்க. மிதிபட்டுருமேன்னு..."

"எண்ணாமலா கொட்டுவேன்? முள்ளு வெறுமனே போனா மீன் எப்படிங்க வரும்?"

"நான் மீனுக்கு வரலைங்க."

சொல்லிவிட்டார். சொன்னபின் கூரைக் காலைப் பிடித்துக்கொண்டார். இனிமேல் வாயை மூடி என்ன பயன் என்று மிச்சமும் வந்தது.

"நான் ஓட்டையைப் பாக்கலைங்க. கையைத்தான் பாத்தேன். நீங்க சிரிக்க ஆரம்பிப்பீங்க, பாதியில கை மேல போயிடும். மிச்சப் பாதி எனக்குக் கிடைக்காது. மூணு வருஷமா பாதிச் சிரிப்பை வெச்சுகிட்டுத்தான் ஆறு நாளையும் ஓட்டினேன். முழுசா ஒரு தடவை பாத்துடணும்னு ஆசை. அதுக்கு எனக்கு இது ஒண்ணுதாங்க செய்யத் தெரியும்." மூச்சு வாங்கினார். "போகாதீங்க."

ஏரியைச் சுற்றி வரும் சாலையில் ஒரு வேன் திரும்புவது தெரிந்தது.

"இதைப் போன வருஷம் சொல்லியிருந்தா பொண்ணுகிட்ட வேற பதில் சொல்லியிருப்பேன்," என்றாள். குரல் உடைந்தது, உடைந்த இடத்தில் கோபமும் வந்தது. "ஊரே அக்காங்குது. நீங்க ஒருத்தர்தான் சொல்லலை. முதல்ல திமிருன்னு நினைச்சேன். அப்புறம் புரிஞ்சுது. புரிஞ்ச நாள்லேர்ந்து ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் நல்ல புடவையா எடுத்துக் கட்டிட்டு உக்காந்திருக்கேன், புழுத் தொட்டிக்குப் பின்னால. இன்னிக்காவது வாயைத் திறப்பாரான்னு. வாயைத் திறந்தா முத்தா உதிர்ந்துடும்? நீங்க மிச்சம் இருக்குங்கன்னு குடுத்துட்டு பஸ் ஏறிடுவீங்க."

"தப்புதாங்க."

"வாக்கு குடுத்துட்டேன். இப்ப போகலைன்னா அவ வேலை போயிடும். நான் போய்த்தான் ஆகணும்."

"ஆமாங்க."

"எல்லாத்துக்கும் ஒரு ஆமாங்க!"

அவள் எழுந்து, ஜன்னல் கட்டையிலிருந்த டப்பாவைத் திறந்து, பல்லைக் கையில் எடுத்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நிறம் அப்படியே இருக்கே," என்று முணுமுணுத்தாள். குழாயில் கழுவி, அந்தப் பக்கம் திரும்பி நின்று வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். கூரைக் காலில் தொங்கிய கண்ணாடியில் பார்க்க எட்டிக் குனிந்தாள். பல் கழன்று நேராகப் புழுத் தொட்டிக்குள் விழுந்தது.

"ஐயோ!"

இருவரும் மண்டியிட்டார்கள். இருவரும் முழங்கை வரைக்கும் ஈர மண்ணுக்குள் கையை விட்டுத் துழாவினார்கள். புழுக்கள் விரலிடுக்கில் நெளிந்தன. அவருக்கு அருவருப்பு ஒன்றும் இல்லை.

"அளவு எடுத்தீங்களா இதுக்கு?"

"இல்லீங்க. கண்ணால பாத்தே..."

"எத்தனை வருஷமா இந்த வேலை பாக்கறீங்க?"

"முப்பதுங்க."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. பழக்கத்தில் கை மேலே கிளம்பியது. முழங்கை வரைக்கும் சேறு. விரலில் ஒரு புழு தொங்கியது. கை பாதியில் நின்றது, அதைப் பார்த்தாள், மறுபடி தொட்டிக்குள்ளேயே இறக்கிக்கொண்டாள். வாயைத் திறந்து, ஓட்டையும் சாய்ந்த பல்லும் எல்லாமுமாக, தோள் குலுங்கச் சிரித்தாள்.

பல்செட்காரர் முழுசாகப் பார்த்தார். அந்த இடத்தில் ஒரு பல் தேவையே இல்லை என்பது, பதின்மூன்று ராத்திரி விழித்த அந்த மனிதருக்கு அப்போதுதான் தெரிந்தது.

பல் அவர் கையில்தான் அகப்பட்டது. அவள் அதை வாங்கவில்லை.

"நீங்களே வெச்சிருங்க. சரியா அளவு எடுத்து வேற செய்யணும். அதுக்கு நான் வந்து உங்க எதிர்ல வாயைத் திறந்துட்டு உக்காரணும், இல்ல?"

"டாக்டர்தாங்க அளவு எடுப்பாரு."

"நீங்க எடுக்கணும்."

"சரிங்க. எப்பங்க?"

"குழந்தைங்க ரெண்டும் நடக்க ஆரம்பிக்கட்டும். வரேன்."

அவர் மனசுக்குள் கணக்குப் போட்டார். "ஒரு வருஷம் ஆகுமேங்க."

"மூணு வருஷம் வெறும் முள்ளைப் போட்டு உக்காந்திருந்த ஆளுக்கு ஒரு வருஷம் பெருசா?"

வேன் வந்து நின்றது. மருமகன் நல்ல பையன், அவசரக்காரன், பெட்டிகளை மளமளவென்று ஏற்றினான். புழுத் தொட்டியைப் பார்த்து முகம் சுளித்து, "இது வேண்டாம் அத்தை, குழந்தைங்க இருக்கற வீடு" என்றான். "இது வரலை," என்றாள் அவள். மண்ணும் புழுவுமாக ஒரு வாளி நிறைய அள்ளி, ஈரச் சாக்கைக் கிழித்து மூடி, பல்செட்காரர் கையில் கொடுத்தாள்.

"காயவிடாதீங்க. வெயில்ல வைக்காதீங்க. வந்து எண்ணுவேன்."

வேன் கிளம்பியது. முன் இருக்கையிலிருந்து அவள் திரும்பிப் பார்த்தாள். கை மடியில்தான் இருந்தது. ஏரியைச் சுற்றிய சாலையில் வேன் மறையும்வரை அவர் வாளியோடு நின்றார். பிறகு ஷட்டரைத் தானே முழுதாக இறக்கிவிட்டு, ஓடை ஓரமாக நடந்து பஸ்ஸுக்கு வந்தார். இதுவரை ஏங்கியது ஏக்கமே இல்லை, அதெல்லாம் ஒத்திகைதான் என்று அவருக்கு அந்த நடையிலேயே புரிந்துவிட்டது.

பஸ்ஸில் கூட்டமில்லை. வாளியை மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார். கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு வாளியை எட்டிப் பார்த்தார்.

"என்ன சார், இன்னிக்கு வாளியோட? மாட்டுச்சா?"

"ஒரு வருஷம் ஆகும்னு சொல்லியிருக்காங்க," என்றார் பல்செட்காரர்.